அபேட்சகரை மாற்ற முடியுமா?

தேர்தல் என்றதும் வாக்குச்சாவடியும் நீண்ட வரிசையுமே நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. ஆனால் தேர்தலின் பாதி, பொதுமக்கள் எவரும் நுழைய முடியாத ஓர் அறையிலே முன்னரே நடந்து முடிந்துவிடுகிறது. கட்சியின் நியமனக் குழு கூடி, இன்னாரை நிறுத்துவது, இன்னாரைத் தவிர்ப்பது என்று தீர்மானிக்கும் அறை அது. அங்கே எழுதப்பட்ட பெயர் வெளியே வந்ததும் சில வேளைகளில் ஊர் முணுமுணுக்கத் தொடங்குகிறது. பழைய கணக்கொன்று கிளறப்படுகிறது. என்றோ பேசிய பேச்சொன்று நினைவூட்டப்படுகிறது. கொள்கைக்காகக் கட்சியை நேசிப்பவன் அப்பொழுது ஒரு தருமசங்கடத்தில் அகப்படுகிறான். கட்சியைக் கைவிட அவனுக்கு மனமில்லை. அந்த மனிதருக்கு வாக்களிக்கவும் மனமில்லை. "இவரை மாற்ற முடியாதா?" என்று அவன் கேட்கிறான்.

சாதாரணமாகத் தோன்றும் இக்கேள்விக்குச் சட்டம் ஒரு விடை சொல்கிறது. அரசியல் வேறொரு விடை சொல்கிறது. திருகோணமலை மாவட்டத்தின் அரசியல் வரலாற்றை எடுத்துக்கொண்டால் இரண்டு விடைகளும் அங்கே உதாரணங்களோடு கிடைக்கின்றன. ஆதலின் கோணேசர் கோயில் கொண்ட அத்துறைமுக நகரை முன்வைத்தே இதனை ஆராய்வோம்.

தொகுதி முறை நிலவிய காலத்தில் திருகோணமலைத் தொகுதிக்கு ஓர் ஆசனம். கட்சிக்கு ஓர் அபேட்சகர். நிறுத்தப்பட்ட மனிதரே அத்தொகுதியில் கட்சியின் முகமாக விளங்கினார். 1947இல் தமிழ்க் காங்கிரஸின் சார்பில் எஸ். சிவபாலன் அங்கே வெற்றி பெற்றார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றிற்று. அது முதன்முதலாகச் சந்தித்த 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இரண்டே ஆசனங்கள் அதற்குக் கிடைத்தன. ஒன்று கோப்பாய்; மற்றொன்று திருகோணமலை. கட்சித் தலைவர் செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோல்வியுற்ற அத்தேர்தலில், திருகோணமலையில் என். ஆர். இராஜவரோதயம் வென்றார். 1963இல் மறையும்வரை அத்தொகுதியின் பிரதிநிதியாக அவரே இருந்தார். 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைக் கூட்டுவதற்குத் திருகோணமலையைத் தெரிந்தெடுத்து, நாலா திசைகளிலிருந்தும் தொண்டர்களை யாத்திரையாக அங்கே அழைத்தமைக்கு, அவ்வூர் கட்சிக்கு இளமையிலேயே கைகொடுத்த ஊர் என்பதும் ஒரு காரணமாகலாம்.

நல்ல அபேட்சகர் ஒருவர் கிடைத்துவிட்டால் மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதை அக்காலம் காட்டுகிறது. ஆனால் எல்லாக் காலமும் அப்படி அமைவதில்லை.

இன்று நடைமுறையிலுள்ள விகிதாசாரத் தேர்தல் முறை முற்றிலும் வேறானது. திருகோணமலை, மூதூர், சேருவில என்னும் மூன்று தேர்தல் தொகுதிகளும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டமாகின்றன. அண்மைக்காலத் தேர்தல்களில் இம்மாவட்டத்துக்குரிய ஆசனங்கள் நான்கு. ஒவ்வொரு கட்சியும் ஆசனங்களின் தொகையிலும் மூன்று கூடுதலாக, அதாவது ஏழு பேரைக் கொண்ட ஒரு பட்டியலைச் சமர்ப்பிக்க வேண்டும். கட்சியின் செயலாளரோ அவரால் அதிகாரமளிக்கப்பட்ட முகவரோ இப்பட்டியலைக் கச்சேரியிலே தெரிவத்தாட்சி அலுவலரிடம் ஒப்படைக்கிறார்.

இந்தக் கச்சேரி வாசலே நமது கேள்வியின் எல்லைக்கோடு. அதனைக் கடக்கும்வரை பட்டியல் கட்சியின் சொத்து. நேற்று எழுதிய பெயரை இன்று வெட்டலாம். இன்று எழுதியதை நாளை மாற்றலாம். அறிவிப்புக் கூட்டம் வைத்து மாலை சூட்டப்பட்ட ஒருவரையுங்கூட நீக்கலாம். அது மனவருத்தத்தை உண்டாக்கலாமேயன்றிச் சட்டத்தை மீறியதாகாது. பட்டியல் அவ்வாசலைக் கடந்து, நியமனக் காலமும் முடிந்துவிட்டால், அது பின்னர் கட்சியின் விருப்பத்துக்கு வளைவதில்லை. அபேட்சகர் ஊரின் வெறுப்புக்கு ஆளாகிவிட்டார் என்பதோ, கட்சிக்கே அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது என்பதோ அவரை மாற்றுவதற்குப் போதிய காரணமாகாது.

சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்று உண்டு. அது மரணம். இதற்கு இலங்கை கண்ட பெரிய உதாரணம் 1994ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தல். ஐக்கிய தேசியக் கட்சியின் அபேட்சகராக நிறுத்தப்பட்டிருந்த காமினி திசாநாயக்க, அக்டோபர் 24ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில் கொழும்பு தொட்டலங்கையில் நடைபெற்ற கூட்டமொன்றில் குண்டுக்கு இரையானார். தேர்தலுக்கு இருந்த நாட்களோ பதினாறு. கட்சி அவருடைய மனைவி சிறீமா திசாநாயக்கவை அவ்விடத்தில் நிறுத்திற்று. நவம்பர் 9ஆம் தேதி நடைபெற்ற தேர்தலில் சந்திரிகா குமாரதுங்க 62.28 வீத வாக்குகளைப் பெற்று வென்றார். சிறீமாவுக்குக் கிடைத்தவை 35.91 வீதம். இறந்தவரின் இடத்தை நிரப்பச் சட்டம் வழி விட்டது. அந்த இடத்திலே வெற்றியையும் வைத்துக் கொடுக்க அதனால் ஆகவில்லை.

உயிரோடு இருப்பவரை மாற்ற முடியாது என்பதை 2024ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தல் தமிழ் மக்களுக்கே நேரிற் காட்டிற்று. தமிழரசுக் கட்சியைச் சேர்ந்தவரும் மட்டக்களப்பின் முன்னாட் பாராளுமன்ற உறுப்பினருமாகிய பா. அரியநேத்திரன், குடிமைச் சமூக அமைப்புகளும் வேறு சில தமிழ்க் கட்சிகளும் முன்னிறுத்திய பொது வேட்பாளராக, சங்குச் சின்னத்தில், சுயேச்சையாகப் போட்டியிட்டார். ஆகஸ்ட் 15ஆம் தேதி நியமனம் ஏற்கப்பட்டது. செப்டெம்பர் 1ஆம் தேதி வவுனியாவிற் கூடிய தமிழரசுக் கட்சியின் மத்திய குழு, சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்று முடிவு செய்து, அரியநேத்திரன் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்றும் கேட்டது. அவர் விலகவில்லை. அவர் இசைந்திருந்தாலும் பெயரைத் திரும்பப் பெறும் காலம் கடந்துவிட்டது. ஆதரவைத் திருப்புமாறு வாக்காளரை வேண்டிக்கொள்வது ஒன்றே எஞ்சியிருந்திருக்கும். செப்டெம்பர் 21ஆம் தேதி 2,26,343 பேர் அவருக்கு வாக்களித்தனர். அவரைக் கட்சி நிறுத்தவுமில்லை. கட்சியால் நீக்கவும் இயலவில்லை. ஒரு கட்சிக்குத் தன் உறுப்பினர்மேல் உள்ள அதிகாரம் வாக்குச்சீட்டுவரை எட்டுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதிலே ஒரு விந்தையுமுண்டு. தேர்தலுக்கு முன்னே கைகட்டி நிற்கும் கட்சி, தேர்தல் முடிந்த பின்னர் பலம் பெற்றுவிடுகிறது. கட்சியிலிருந்து நீக்கப்பட்ட உறுப்பினர் தம் பாராளுமன்ற ஆசனத்தையும் இழப்பார் என்பது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் விதி; நீக்கம் முறையற்றது என்று உயர் நீதிமன்றம் கூறினாலன்றி அவருக்கு மீட்சியில்லை. சனாதிபதி பிரேமதாசாவுக்கு எதிரான குற்றப் பிரேரணையை அடுத்து, 1991இல் லலித் அத்துலத்முதலியும் அவரோடு சிலரும் ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, நீதிமன்றமும் அந்நீக்கத்தை ஏற்றுக்கொண்டதனால் ஆசனங்களை இழந்தனர். அவ்வாறு இழந்தவர்களுள் ஒருவர், பின்னர் அதே கட்சியின் சனாதிபதி அபேட்சகராகிப் பலியான காமினி திசாநாயக்கவே. ஆகவே நியமனத்துக்கு முன்பும் தெரிவுக்குப் பின்பும் கட்சியே எசமான். இடையிலுள்ள அந்தச் சில வாரங்களில் மாத்திரம் அபேட்சகர் எவர் கைக்கும் அகப்படாதவராக நிற்கிறார்.

பிற நாடுகளின் நிலை எப்படி? இங்கிலாந்திலே 2024 பெப்ரவரியில் ரொச்டேல் இடைத்தேர்தல் நடைபெற்றது. தொழிற்கட்சியின் அபேட்சகர் இஸ்ரேலைப் பற்றி ஒரு கூட்டத்திற் பேசிய பேச்சு வெளியாகிப் பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று. கட்சி அவரைக் கைவிட்டது. ஆனால் நியமனக் காலம் முடிந்துவிட்டமையால், வாக்குச்சீட்டில் அவர் பெயருக்கு எதிரே தொழிற்கட்சியின் பெயர் அப்படியே இருந்தது. கட்சி கைவிட்ட மனிதர் கட்சியின் பெயரோடே நின்று நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார்; ஜோர்ஜ் கலவே வென்றார்.

இந்தியாவிலே நியமனத்துக்குப் பின்னரும் விலகுவதற்கென ஒரு நாள் குறிக்கப்பட்டுள்ளது. அந்த வசதியே ஒரு கட்சிக்கு வினையாகவும் முடிந்தது. 2024இல் மத்தியப் பிரதேசத்தின் இந்தூர்த் தொகுதியில் காங்கிரஸ் அபேட்சகர், விலகுவதற்குரிய கடைசி நாளில் விலகி எதிர்க்கட்சியிற் சேர்ந்துவிட்டார். புதியவரை நிறுத்த நேரமில்லை. எவருக்கும் வாக்கில்லை என்ற பொத்தானை அழுத்தும்படி காங்கிரஸ் வாக்காளரைக் கேட்டுக்கொண்டது. 2,18,674 பேர் அவ்வாறே செய்தனர்.

அமெரிக்க வழக்கம் சற்றுத் தளர்வானது. 1972இல் ஜனநாயகக் கட்சியின் உபசனாதிபதி அபேட்சகர் தொமஸ் ஈகிள்ற்றன், முன்னர் மனநோய்க்காக மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் என்பது தெரியவந்தது. பதினெட்டு நாட்களில் அவர் விலகினார். கட்சியின் தேசியக் குழு சார்ஜன்ற் சிறைவரை அவ்விடத்தில் நியமித்தது. 2002இல் நியூ ஜேர்சி மாநிலத்தில், ஒழுக்கக்கேடு பற்றிய குற்றச்சாட்டினால் மதிப்பிழந்த செனற்றர் ரொறிசெல்லி தேர்தலுக்கு ஐந்து வாரம் இருக்கையில் விலகினார். மாற்றுவதற்கு 51 நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் கூறிற்று. ஆயினும் வாக்காளருக்கு உண்மையான தெரிவு இருத்தல் வேண்டும் என்று மாநில உயர் நீதிமன்றம் கருதி, புதியவரின் பெயரைச் சேர்க்க அனுமதித்தது. அப்புதியவரே வென்றார். எனினும் இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் அபேட்சகர் தாமாகவே விலகினார் என்பதை மறந்துவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் நோக்கும்போது, நம் நாட்டுச் சட்டம் மிகக் கடுமையானது என்று சிலர் குறை கூறலாம். ஆனால் அக்கடுமைக்கு நியாயமுமுண்டு. வாக்குச்சீட்டு அச்சாக வேண்டும். தபால் வாக்காளர்கள் மற்றவர்களுக்கு முன்பே வாக்களிக்கிறார்கள். அவர்கள் வாக்களித்த பின்னர் ஆளை மாற்றுவது, அவர்களுடைய வாக்கை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுப்பதாகும். அதனினும் முக்கியமான நியாயம் ஒன்றுண்டு. குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு. ஈகிள்ற்றன் செய்த குற்றம் யாது? நோயுற்றதும் வைத்தியம் செய்துகொண்டதுமே. முணுமுணுப்பு எழுந்த போதெல்லாம் அபேட்சகரை மாற்றலாம் என்று விதி இருந்தால், முணுமுணுப்பைக் கிளப்பத் தெரிந்தவனே நியமனக் குழுவின் தலைவனாகிவிடுவான்.

இனி, திருகோணமலை வாக்காளரின் கையில் உள்ள ஒரு கருவியைப் பற்றிக் கூறவேண்டும். 1988ஆம் ஆண்டுத் திருத்தங்களின் பின்னர் விருப்பு வாக்கு முறை வந்தது; 1989 பெப்ரவரித் தேர்தலில் அது முதன்முதற் கையாளப்பட்டது. வாக்காளர் முதலிலே கட்சிக்கு வாக்களிக்கிறார். பின்னர் அக்கட்சியின் பட்டியலில் மூவர்வரை தெரிந்து அவர்களுடைய இலக்கங்களுக்கு எதிரே அடையாளமிடுகிறார். கட்சிக்குக் கிடைக்கும் ஆசனம், அதிக விருப்பு வாக்குப் பெற்றவருக்கே உரியது; பட்டியலில் முதலிடம் பெற்றவர் என்பதனால் எவருக்கும் தனிச் சலுகை இல்லை. கட்சியை மாற்றாமலே ஆளை மாற்றும் அதிகாரம் இதுவாகும். கச்சேரி வாசலிலே கட்சி இழந்த அதிகாரத்தை வாக்குச்சாவடியிலே வாக்காளர் பெறுகிறார். "இவரை மாற்ற முடியாதா?" என்று கேட்பவன், தன் கையிலிருக்கும் பென்சிலைப் பார்க்கக் கடமைப்பட்டவன்.

இக்கருவிக்கும் எல்லையுண்டு. நான்கே ஆசனமுள்ள மாவட்டத்தில் மூவினத்தாரும் வாழ்கின்றனர். 2004இல் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு இங்கே இரண்டு ஆசனங்கள் கிடைத்தன. 2020இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தது ஒன்றே, 2024லும் ஒன்றே. அந்த ஒன்றும் எவ்வேளையிலும் கைநழுவக் கூடியது. ஆதலினால்தான் 2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலில், வேறு மாவட்டங்களில் எதிரெதிராக நின்ற தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் திருகோணமலையில் மாத்திரம் ஒரே பட்டியலில் வீட்டுச் சின்னத்தின் கீழ் இணைந்தன. ஓர் அபேட்சகர்மேல் உள்ள வெறுப்பினால் இரண்டாயிரம் பேர் வீட்டிலேயே தங்கிவிட்டால், அவரை மாற்றியதாக ஆகாது. ஆசனத்தையே இழந்ததாக ஆகலாம். ஒருவரைத் தண்டிக்கப் புறப்பட்டு ஊரின் குரலையே அடைத்துவிடும் அபாயம் இங்குண்டு. பெருந்தொகை ஆசனமுள்ள கொழும்பிலோ கம்பகாவிலோ இருக்கும் வாக்காளருக்கு இந்தக் கவலை இவ்வளவு கூர்மையாகத் தெரிவதில்லை.

ஆளை மாற்ற முடியாதபோது கட்சியின் பெயரையே மாற்றிய ஒரு நிகழ்ச்சியும் நம் வரலாற்றிலுண்டு. 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்திற் போட்டியிட்டது. அதன்பின் கூட்டணித் தலைவர் வீ. ஆனந்தசங்கரிக்கும் ஏனையோருக்கும் விடுதலைப் புலிகளின் ஏகப்பிரதிநிதித்துவம் பற்றிப் பிணக்கு மூண்டு, வழக்கு நீதிமன்றம் சென்றது. சின்னம் தலைவரிடம் அகப்பட்டுக்கொண்டது. திருகோணமலையைச் சேர்ந்த இரா. சம்பந்தனும் மற்றையோரும் நெடுங்காலம் அடுக்கில் வைத்திருந்த தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தை எடுத்துக்கொண்டு 2004 ஏப்ரல் தேர்தலிற் போட்டியிட்டு 22 ஆசனங்களைப் பெற்றனர். ஆனந்தசங்கரி யாழ்ப்பாணத்தில் சுயேச்சையாக நின்று தோல்வியுற்றார். மக்களில் ஒரு பெருந்தொகையினர் பின்பற்றியது சின்னத்தை அன்று என்பது அப்பொழுது புலனாயிற்று.

நியமனப் பத்திரத்தில் கையொப்பமிடும் செயலாளர் பதவி எவ்வளவு பெறுமதி வாய்ந்தது என்பதையும் இதனால் உணரலாம். 2024 சனவரி 21ஆம் தேதி திருகோணமலையிலே தமிழரசுக் கட்சியின் தலைவர் தெரிவு வாக்கெடுப்பினால் நடைபெற்று, 184 வாக்குகள் பெற்ற சி. சிறீதரன், 137 வாக்குகள் பெற்ற எம். ஏ. சுமந்திரனை வென்றார். சில நாட்களில் அதே ஊரிற் பொதுச் செயலாளர் தெரிவு பிணக்கில் முடிந்தது. பெப்ரவரியில் விவகாரம் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தை அடைந்து, கட்சியின் மாநாடே தடைப்பட்டது. பட்டியல் எழுதும் கை எவருடையது என்பதைக் கட்சி தன்னுள்ளே தீர்த்துக்கொள்ளாவிட்டால் அதை நீதிபதி தீர்க்க வேண்டியதாகிறது.

பட்டியலின் இன்னொரு பயனையும் சொல்லாமல் விடலாகாது. விகிதாசார முறையிலே ஆசனம் வெறுமையானால் இடைத்தேர்தல் இல்லை. அதே பட்டியலில் அடுத்த விருப்பு வாக்குப் பெற்றவர் வருகிறார். 1994இல் திருகோணமலையிலிருந்து தெரிவான அ. தங்கத்துரை 1997 சூலை 5ஆம் தேதி திருகோணமலையிற் கொலையுண்டபோது, அவர் இடத்துக்குச் சம்பந்தன் வந்தார். அதே சம்பந்தன் 2024 சூன் 30ஆம் தேதி தமது தொண்ணூற்றோராம் வயதிற் காலமானபோது சண்முகம் குகதாசன் வந்தார். சம்பந்தன் முதுமையினால் நலிவுற்றிருந்த 2023இல், அவர் ஆசனத்தைத் துறக்க வேண்டும் என்ற குரல் அவர் கட்சிக்குள்ளேயே வெளிப்படையாக எழுந்தது, அவர் துறக்கவில்லை. ஆகவே ஏழு பேர் பட்டியலில் முதல்வரை மாத்திரம் ஆராய்ந்து ஏனையோரை நிரப்புப் பெயர்களாக எழுதுவது பெரும் பிழை. இரண்டாம் இடத்தில் இருப்பவர் நாளைய பிரதிநிதி.

நம் முன்னோர் இக்கேள்வியை எவ்வாறு தீர்த்தனர்? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டு எழுபதுக்கு உட்பட்டவர், சொந்த நிலமும் மனையும் உடையவர், கல்வியறிவுடையவர் ஆகியோரின் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். இவ்வளவு ஆராய்ச்சியும் ஓலை குடத்துள் விழுவதற்கு முன்னரே நடந்தது. விழுந்த பின்னர் அதை எடுத்தது ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனின் கை. குடத்துக்குள் கையைவிட்டு ஓர் ஓலையை மாத்திரம் பொறுக்கி எறியும் உரிமையை அச்சபையார் எவருக்கும் வைக்கவில்லை. அம்முறையிற் பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் இடமில்லை. அதை நாம் மீண்டும் விரும்ப மாட்டோம். ஆயினும் சோதனை செய்யும் காலம் எது என்பதில் அவர்களுக்கு இருந்த தெளிவு நமக்கும் வேண்டும்.

ஆகவே நமது கேள்விக்கு விடை இதுதான். பட்டியல் கச்சேரிக்குச் செல்லுமுன் அபேட்சகரை மாற்றலாம். சென்ற பின் மாற்ற இயலாது. வாக்குச்சாவடியில் விருப்பு வாக்கினால் வாக்காளர் மாற்றலாம். முதலாவதே செலவு குறைந்தது. எவருக்கும் அவமானம் தராதது. ஆனால் அதுவே நம்மவர்கள் குறைவாகப் பயன்படுத்துவதும். தேர்தல் அறிவித்தல் வந்த பின் நியமனத்துக்குச் சில நாட்களே இருக்கும். 2024 பொதுத் தேர்தலில் அது அக்டோபர் 4 முதல் 11வரை. அந்த ஒரு கிழமையில் ஒருவரின் வாழ்க்கையை ஆராய்ந்து முடிக்க எக்கட்சியாலும் இயலாது. தேர்தல் இல்லாத காலத்திலேயே கிளைச் சபைகள் கூடி, தங்கள் பிரதிநிதியாகத் தகுந்தோர் யாவர், அவர்கள்மேல் உள்ள குறைகள் யாவை, குறை கூறப்பட்டவரின் மறுமொழி யாது என்று பதிவு செய்து வைக்க வேண்டும்.

இதிலே ஆசிரியருக்கும் மாணவருக்கும் பங்குண்டு. குச்சவெளியிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் உள்ள வாசிகசாலைகளில் தேர்தற் காலத்து ஆரவாரம் எழுமுன்னரே, விருப்பு வாக்கு எப்படி எண்ணப்படுகிறது என்பதை ஒரு கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும். கட்சியை ஏற்று ஆளை மறுக்கும் வழி தனக்கு உண்டு என்று அறிந்த வாக்காளன், மனங்கசந்து வீட்டிலே இருந்துவிட மாட்டான். அப்படிப்பட்டவர்கள் தொகுதியில் நிறைந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், நியமனக் குழுவினரும் அந்த மூடிய அறைக்குள்ளே பெயரெழுதுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார்கள்.